மெழுகுத் தவளையைச் செய்தது யார்?

அறுபதைத் தாண்டிய என் பள்ளித் தோழிகளே, போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லோரும் கைதட்டிய அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நம் விலங்கியல் மிஸ் நீலப் பட்டுப்புடவையில் ஏதோ ஒரு கண்காட்சி மேஜைக்குப் பின்னால் நிற்கிறார். கையில் வயிறு திறந்த ஒரு மெழுகுத் தவளை. கீழே ஒருத்தி எழுதியிருக்கிறாள்: 'அந்தக் காலத்திலேயே உயிரைக் கொல்லாமல் பாடம் நடத்திய நம் மிஸ்!' அதற்கு எத்தனை பூங்கொத்து, எத்தனை கும்பிடு! பொங்கல் கழிந்து நாம் கூடும்போது மிஸ்ஸுக்குப் பொன்னாடை போர்த்துவதென்றும் முடிவாகிவிட்டது.

போர்த்துங்கள். எண்பதைத் தாண்டியவர், குளிருக்கு ஆகும். ஆனால் அந்தத் தவளையைச் செய்தது மிஸ் இல்லை, என் அக்கா. படத்தைப் பெரிதாக்கி அதன் கண்ணைப் பாருங்கள். ஒரு கண் கருப்பு, சின்னது. மற்றது பழுப்பு, கொஞ்சம் பெரிசு. பெரியம்மாவின் ஜெபமாலை அறுந்து மணியெல்லாம் சாக்கடையில் உருண்டு போனபோது, தப்பியது சின்னதாய் ஒரு அருள் நிறை மந்திர மணியும் பெரிசாய் ஒரு பரலோக மந்திர மணியும்தான். அந்த இரண்டையும் அக்கா மெழுகில் பதித்தபோது விளக்கு பிடித்தவள் நான். எனக்கு வயிறு எரிகிறது. எரிந்துகொண்டேதான் எழுதுகிறேன், நடையில் பிசிறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். ஒரு வயது மூத்தவள், மஞ்சள் காமாலையில் ஒரு வருஷம் போனதால் நம் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள். உங்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் நினைவிருக்காது. 'மீன் வாடை' என்று சொன்னால் சட்டென்று நினைவு வரும். பெரியம்மா காசிமேட்டில் மீன் வெட்டித் தருகிறவள். விடிந்ததும் அக்காவும் அருவாமனை போட்டு அவள் பக்கத்தில் உட்காருவாள். பிறகு எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவாள். கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக அவளுக்கு இடம் போட்டது மிஸ்தான். காற்று அப்படியே வெளியே போய்விடுமாம்.

அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். பெரியம்மாவின் கடைசிப் பிரசவம் சிக்கலானபோது ஒரு நர்சம்மா கட்டிலைவிட்டு நகராமல் நின்று தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து அக்காவின் கண்ணில் அந்த வெள்ளைத் தொப்பி ஒன்றுதான். தெருவில் யார் கை கிடைத்தாலும் பிடித்து நாடி பார்ப்பாள். படுத்திருக்கிற நாயின் தொடையிலும் விரல் வைத்துப் பார்ப்பாள். நர்சிங் சேர விலங்கியலில் தேற வேண்டும். விலங்கியலில் தேறச் செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். செய்முறை என்றால் தவளை.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நம் ஆய்வகம் நினைவிருக்கிறதா? உள்ளே ஃபார்மலின் நெடி, ஜன்னல் கம்பியெல்லாம் துறைமுகத்து நிலக்கரித் தூள், எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் தொண்டையைக் கரகரக்க வைக்கும் ஒரு புகை. மழைக்காலம்தான் தவளைக்காலம். அத்திப்பட்டுச் சதுப்பிலிருந்து தவளை பிடிக்கிறவர் ஈரக் கோணியோடு வந்து மூலையில் வைத்துவிட்டுப் போவார். கோணி தானாக அசையும். நாம் கத்திக்கொண்டே காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொள்வோம். உள்ளே ஒன்று குரல் கொடுத்தால் மற்றதெல்லாம் சேர்ந்து குரல் கொடுக்கும். அதைத்தான் குழுவில் ஒருத்தி 'கோல்டன் டேஸ்' என்று எழுதியிருந்தாள். யாருக்குப் பொன்னான நாள் என்று அந்தக் கோணியைக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் மிஸ் அக்காவைத்தான் கூப்பிட்டார்.

"நீ வா. உனக்குத்தான் பழக்கம். மீன் வெட்டற கைதானே."

அட்டெண்டர் ஒரு தவளையைக் குளோரோஃபார்ம் ஜாடியில் போட்டு, துள்ளல் அடங்கியதும் எடுத்து, மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நாலு காலிலும் குண்டூசி குத்தி வைத்திருந்தார். குளோரோஃபார்மைச் சிக்கனமாக ஊற்றச் சொல்லி மிஸ்ஸின் உத்தரவு. அக்கா கத்தியை எடுக்கவில்லை, குனிந்து பார்த்தாள். தாடைக்குக் கீழே வெள்ளைத் தோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விரலை மெதுவாக அதன் மார்பில் வைத்தாள்.

"மிஸ், உயிரு கீது மிஸ். மூச்சு வுடுது."

"மயக்கத்துல இருக்கு. இதயம் துடிக்கறதத்தானே எல்லாரும் பார்க்கணும். வெட்டு."

"முழிச்சிகினு கீது மிஸ். காலை இழுக்குது பாருங்க, ஊசி கிழிக்குது."

"வெட்டுன்னா வெட்டு."

தவளையின் பின்னங்கால் ஊசியோடு சேர்ந்து இழுத்தது. அதை நாம் எல்லோரும் பார்த்தோம். அக்கா வலது கால் ஊசியைப் பிடுங்கினாள், அப்புறம் இடது கால், அப்புறம் முன்கால்கள். ஈரக் கைக்குட்டையில் தவளையைச் சுற்றினாள். மிஸ் கத்திக்கொண்டிருக்கும்போதே வெளியே போய், குழாயடித் தொட்டிக்குப் பின்னால் வாழை மரத்தடியில் விட்டுவிட்டு வந்து நின்றாள். பாவாடையெல்லாம் மழை.

மிஸ் சொன்னது எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை: "தினம் கூடை கூடையா அறுத்துட்டு வர்றவளுக்குத் தவளை பாவமாம்! மீன்காரி வீட்டுல கருணை பொங்கி வழியறது." வகுப்பே சிரித்தது. இன்றைக்கு உயிர் மேல் கருணை என்று பூங்கொத்து அனுப்புகிற அதே வகுப்புதான்.

இப்போதாவது கேட்டுக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் அருவாமனையில் துடிக்கிற மீன் ஏறாது. வாய் அசைகிற மீனை ஈரச் சாக்கால் மூடி ஓரமாக வைப்பாள். வாங்க வந்தவர் அவசரப்பட்டால், "அது அடங்கட்டும்மா, அப்பால வெட்டித் தரேன். அவசரம்னா அந்தாண்ட போய் வெட்டிக்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அதில் வியாபாரம் போனாலும் போகட்டும். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணைப் பார்த்துத்தான் மிஸ் 'உனக்குப் பழக்கம்' என்றார். மிஸ் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். அது அவர் விருப்பம், நான் குறை சொல்லவில்லை. சாப்பிடாதவருக்குத்தான் இரக்கம் இருக்கும், வெட்டிப் பிழைக்கிறவர்களுக்கு நெஞ்சு மரத்துப் போயிருக்கும் என்று ஒரு கணக்கு போட்டார் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் கறிக்கடை பாய் மகள் எங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். வண்ணாரப்பேட்டையிலிருந்து வருவாளே, தலையில் எப்போதும் மருக்கொழுந்து, அவள்தான்.

"எங்க அத்தா ஒரு ஆட்டு எதிர்ல இன்னொரு ஆட்ட அறுக்கவே மாட்டாரு," என்றாள். "கத்தியக்கூட முதுகாண்ட மறைச்சிகினுதான் போவாரு. இங்க இன்னாடான்னா ஒண்ணு அறுபடறத மத்தது பாக்கிற மாதிரி வரிசையா படுக்க வச்சிகீறாங்க. கேட்டா படிப்பாம்."

"நீ இன்னா பண்ணப் போற?" என்று அக்கா கேட்டாள்.

"கண்ண மூடிகினு வெட்டிடுவேன். அப்பால ரெண்டு நாளு சோறு எறங்காது. நீ?"

அக்கா டிபன் பாக்ஸை மூடினாள். அவளுக்குள் அப்போதே ஏதோ ஓட ஆரம்பித்துவிட்டது.

கிறிஸ்துமஸ் வந்தது. நம் ராயபுரத்தில் அந்த மாதம் கோயில்களில் எரிகிற மெழுகுவர்த்திக்குக் கணக்கேது. மாதா சிலை வைத்த கெபியில் எரிந்து மிஞ்சின துண்டுகளைக் கோயில் உபதேசியார் ஒரு டப்பா நிறையக் கொடுத்தார், எதற்கென்றுகூடக் கேட்கவில்லை. அக்கா கொட்டாங்குச்சியில் மெழுகை உருக்கினாள். வீடு முழுக்கத் திருவிழா வாசனை, கூடவே கருகல். சிவப்பு மெழுகில் இதயம், அதைக் குறுக்கே பிளந்தால் உள்ளே மூன்று அறை. பூட் பாலிஷ் கலந்த மெழுகில் கல்லீரல். சைக்கிள் வால்வு டியூப்பில் குடல். இரண்டு பலூன் துண்டு நுரையீரல், வாய்க்குள் இருக்கிற குழலில் ஊதினால் உப்பும். தவளைக்குள் மஞ்சள் விரல் விரலாகக் கொழுப்புத் தொங்குமே, அதற்குப் பெரியப்பாவின் மஞ்சள் நைலான் வலை நூல். மேல் தோல் பெரியப்பா துறைமுகத்துக்குப் போட்டுப் போய்க் கிழிந்த பச்சை மழைக்கோட்டு. வயிற்றில் ஜாக்கெட்டுக்குத் தைக்கிற பிரஸ் பட்டன் வைத்தாள். பட்டனை எடுத்தால் தோல் விரியும், ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம், திரும்ப வைத்து மூடலாம். மறுபடி திறக்கலாம்.

பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாடி இது, சாமிக்குப் படைக்கிற கொழுக்கட்ட கணக்கா உள்ள பூரணம்லாம் வச்சிகீற!" கொஞ்ச நேரம் கழித்து, "தவளைக்கு உள்ளயும் நம்மள மாதிரியேதான் கீதா?" என்றாள். அக்கா அவளை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். அன்றைக்கு எழுத்து வாசனையே இல்லாத பெரியம்மா தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று தெரிந்துகொண்டாள். ஒரு தவளையும் சாகவில்லை.

மிஸ் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பொம்மை விளையாட்டா? தேர்வுல தவளையை வெட்டி வைக்கணும். இல்லேன்னா பூஜ்யம்."

அதற்கப்புறம்தான் பெரியம்மா பள்ளிக்கூடம் போனாள். போயிருக்கவே கூடாது என்று நான் ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒருவரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் போகிறோம் என்றால் வெறுங்கையோடு போக மாட்டோம், மீனோடுதான் போவோம். எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தாலும் மீனை வாங்கிக்கொண்டால் சமாதானம். அன்றைக்கு வந்த மீனில் ஆகப் பெரிய வஞ்சிரத்தைத் தேர்ந்தெடுத்தாள். அடங்கின மீன்தான். கழுவித் துடைத்து, புது ஓலைக்கூடையில் வாழையிலை விரித்து, அதன் மேல் படுக்க வைத்து, தலையில் பூ வைத்துக்கொண்டு போனாள். சைவக்காரர்கள் என்று ஒரு இனம் உண்டென்பது பெரியம்மாவுக்குத் தெரியும். ஆனால் தவளையை வெட்டச் சொல்கிற டீச்சர் மீன் சாப்பிட மாட்டார் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆசிரியர் அறை வாசலில் நான் நின்றிருந்தேன்.

"டீச்சரம்மா, பொண்ணு தெரியாம பண்ணிட்டா. மனசுல வச்சிக்காதீங்க. இது நம்ம வூட்டுக்குன்னு எடுத்தாந்தேன்," என்று பெரியம்மா இலையை விலக்கினாள்.

மிஸ் மூக்கைப் புடவையால் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனார். "ஏம்மா, அங்கேயே நில்லு! என்ன இது? அம்மாவும் பொண்ணுமா சேர்ந்துண்டு என்னைக் கேலி பண்றேளா?"

"கேலியா? அய்யோ மாதாவே, வஞ்சிரம்மா இது!"

மற்ற டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மிஸ்ஸுக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அட்டெண்டரைக் கூப்பிட்டு, பெரியம்மாவைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவிடச் சொன்னார். தரையில் ஒழுகின ஐஸ் தண்ணீரைப் பெரியம்மா தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டுப் போனாள். வரும் வழியெல்லாம், "இன்னாத்த தப்பா பண்ணிட்டேன், நல்ல மீனுதானே?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த மீனை அன்று வீட்டில் யாரும் சமைக்கவில்லை.

தேர்வன்று வெளிப் பள்ளியிலிருந்து ஒரு சார் வந்தார். எனக்கு வைத்த தவளையை நான் வெட்டினேன், தேறினேன். அக்கா தன் தட்டில் மெழுகுத் தவளையை வைத்து, எழுந்து நின்றாள். சார் பட்டனை எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இதயத்தைக் கையில் எடுத்து, "இது என்ன? இது எங்கே போகிறது?" என்று கேட்டார். அக்கா சொன்னாள். குழலில் ஊதி நுரையீரலை உப்ப வைத்தாள். கேட்டதற்கெல்லாம் சொன்னாள், கேட்காததற்கும் சொன்னாள். சார் மிஸ் பக்கம் திரும்பி, "பொண்ணுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே. நீங்க சம்மதிச்சா ஏதாவது பார்த்துப் போடலாம்," என்றார்.

நாம் எல்லோரும் மிஸ்ஸைப் பார்த்தோம். ஒரு தலையசைப்பு போதும். அக்காவின் வெள்ளைத் தொப்பி அந்தத் தலையசைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"விதின்னா விதிதான் சார்," என்றார் மிஸ். "கத்தியைத் தொடாத பொண்ணு நர்ஸாகி என்ன பண்ணப் போறா?"

அக்கா தவளையை எடுக்கக் கை நீட்டினாள். "அது இங்கேயே இருக்கட்டும்," என்று மிஸ் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பறிமுதல் என்று நினைத்தோம்.

அக்கா விலங்கியலில் தேறவில்லை. மறுபடி எழுதலாமே என்பீர்கள். மறுபடி எழுதினாலும் தட்டில் தவளைதானே இருக்கும்? அவள் எழுதவில்லை. இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போனாள். நாளெல்லாம் ஐஸில் கை. அப்புறம் கல்யாணம், திருவொற்றியூர், பிள்ளைகள், மறுபடி இறால். உரித்து உரித்து விரல் ரேகை தேய்ந்துபோய், இன்று ரேஷன் கடை மெஷின் அவள் கட்டைவிரலை வாங்க மாட்டேன் என்கிறது.

நாம் பள்ளியை விட்டுப் போன நாலாம் வருஷம் என் தங்கை அதே வகுப்புக்குப் போனாள். ஒருநாள் வந்து சொன்னாள்: "மிஸ் சூப்பரா ஒரு மெழுகுத் தவளை செஞ்சி வச்சிருக்காங்க. அதைக் காட்டித்தான் பாடம் நடத்துறாங்க." நான் கேட்டேன், "கண்ணு எப்படி இருக்கு?" "ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது," என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பள்ளிக்கூடத்துக்கே போயிருப்பேன். அக்காதான் தடுத்தாள். "வுடு. அதனால ஒரு தவள பொழச்சா சரி." அவள் சொன்னாள் என்று இத்தனை வருஷம் விட்டேன். இந்தப் படத்துக்கப்புறம் விட முடியவில்லை.

'அந்தக் காலத்தில் வேறு வழி இல்லையே' என்று உங்களில் யாராவது எழுதுவீர்கள். வழி இருந்தது. மேஜை மேல் பிரஸ் பட்டனோடு இருந்தது. மிஸ்ஸுக்கே அது நல்ல வழி என்று தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் கண்காட்சிக்கு எடுத்துப் போவாரா? செய்தவளைத் தோற்கடித்துவிட்டு, செய்ததை மட்டும் வைத்துக்கொண்டார். இன்னொன்றும் கேட்கிறேன். அந்த மழைக்காலத்தில் நாம் வெட்டின தவளைக்கெல்லாம் என்ன பலன்? யார் டாக்டரானீர்கள், கையைத் தூக்குங்கள். நான் துறைமுக அலுவலகத்தில் கோப்பு கட்டினேன். நீங்கள் வங்கி, தையல், குடும்பம். உயிரைக் காப்பாற்றுகிற வேலைக்குப் போக ஆசைப்பட்டது நம் வகுப்பில் ஒருத்தி. அவள் ஓர் உயிரைக் காப்பாற்றியதற்காகத்தான் அவளைத் தோற்கடித்தார்கள்.

தவளையைத் திருப்பிக் கேட்கலாமென்று பார்த்தேன். ஆய்வகத்தைப் புதுப்பித்தபோது பழைய இரும்பு அலமாரிகளெல்லாம் லாரியில் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குப் போய்விட்டதாம், உள்ளே இருந்ததோடு சேர்த்து. விசாரித்துச் சொன்னது கறிக்கடை பாய் மகள்தான். இந்தக் குழுவில் பூங்கொத்து போடாதவள் அவள் ஒருத்தி. "நீ எழுதுடி, நான் சாட்சி சொல்றேன்," என்று போனில் அழுதாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பேத்தி இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் பள்ளியில் தவளை கிடையாது, எல்லாம் திரையில்தான். செல்போனில் ஒரு தவளையை வரவழைத்து அக்காவிடம் காட்டினாள். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது முழிச்சிக்காதே?" என்றுதான் முதலில் கேட்டாள். "இல்ல பாட்டி, இது நிஜம் இல்ல." அப்புறம்தான் விரலை வைத்தாள். தோலை விலக்கினாள். திரை கேட்கக் கேட்க இதயம், கல்லீரல், நுரையீரல், கொழுப்பு என்று அந்த வளைந்த விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போனாள். ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. கடைசியில் மணி அடித்து, திரையெங்கும் நட்சத்திரம் கொட்டி, முழு மதிப்பெண் என்று வந்தது. பேத்தி ஒரு பட்டனைத் தட்ட, தவளை வயிற்றை மூடிக்கொண்டு எழுந்து குதித்துப் போயிற்று.

அக்கா குழந்தை மாதிரி சிரித்தாள். நானும் சிரித்தேன். பேத்தி போனை வாங்கக் கை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. நட்சத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாக என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"இத்த இப்ப யாராண்டடி காட்டணும்?"